சாலைக்கும் சாலையற்ற வழிக்கும் ஒரு வண்டி

தேரி மணலில் சைக்கிள் மிதித்துப் பார்த்திருக்கிறீர்களா? தார்ச்சாலையில் காற்றாய்ப் பறந்த சைக்கிள், செம்மணலில் இறங்கியதும் பத்தடி போவதற்குள் முன்சக்கரம் புதைந்து, கைப்பிடி ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு நின்றுவிடும். எங்கள் சாயர்புரத்துக்குத் தெற்கே, திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரங்களில் உள்ள தேரிக்காடுகளில் இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். வண்டி அதேதான், ஓட்டுபவரும் அவரேதான். மாறியது தரை மட்டுமே. ஆகவே ஒரு வண்டியின் வடிவம், அது எந்தத் தரைக்காக எண்ணி அமைக்கப்பட்டதோ அந்தத் தரையைப் பொறுத்தது என்பது தெளிவாகிறது.

அப்படியானால், நெடுஞ்சாலையில் நாள் முழுதும் ஓட வேண்டும், சாலை முடிந்த இடத்தில் கல்லிலும் மணலிலும் ஆற்றுப்படுகையிலும் ஏறி இறங்கவும் வேண்டும் என்று ஒரே வண்டியிடம் கேட்டால் என்ன ஆகும்? இது இரண்டு தோணியில் கால் வைக்கிற காரியம் அல்லவா? அக்காரியத்தைச் செய்யும் மோட்டார் சைக்கிள்களில் ஒன்று நம் தமிழ்நாட்டில் பிறந்தது. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2016இல் வெளியிட்ட ‘ஹிமாலயன்’ என்னும் வண்டியே அது. இக்கட்டுரை அதற்கு விளம்பரம் அன்று. பிறர் வரைந்த படத்தைப் பார்த்துப் பொருள் செய்வதற்கும், படத்தைத் தானே வரைவதற்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை இந்த வண்டியின் வரலாறு நன்கு காட்டுகிறது. அதனால்தான் அதை எடுத்துக்கொண்டேன்.

இரு தேவைகளின் மோதல்

முதலில் சிக்கலைப் புரிந்துகொள்வோம். நெடுஞ்சாலை வண்டி தாழ்வாக இருப்பது நல்லது. ஈர்ப்பு மையம் கீழே இருந்தால் கையாளுவது எளிது. கரடுமுரடான வழியிலோ, எஞ்சினின் அடிப்பகுதி கல்லில் இடிக்காமலிருக்க வண்டி உயர்ந்திருக்க வேண்டும். நெடுஞ்சாலைக்கு எடை ஒரு குறையன்று. கனமான வண்டி காற்றில் அலையாது. மணலிலோ ஒவ்வொரு கிலோவும் எதிரி. வேகத்திற்கு எஞ்சின் விரைந்து சுழல வேண்டும். கல் வழியில் ஏற, குறைந்த சுழற்சியிலேயே வலுவான முறுக்குவிசை வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைகிறது. இதற்குச் ‘சரியான விடை’ என்று ஒன்று இல்லை. எதை விட்டுக்கொடுப்பது என்ற தேர்வுதான் உண்டு.

உலகம் இந்தத் தேர்வைப் பலவிதமாகச் செய்து பார்த்தது. 1968இல் ஜப்பானின் யமஹா, 250 சி.சி. பிரிவில் ‘டி.டி.1’ என்னும் எடை குறைந்த வண்டியை அமெரிக்கச் சந்தைக்குத் தந்தது. 1976இல் அதே நிறுவனத்தின் ‘எக்ஸ்.டி. 500’ வந்தது. சகாரா பாலைவனத்தைக் கடக்கும் முதல் பாரிஸ்-டக்கார் பந்தயத்தில், 1979இல் மோட்டார் சைக்கிள் பிரிவில் வென்றது அதுவே. 1980இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 800 சி.சி. அளவில் ‘ஆர் 80 ஜி/எஸ்’ என்ற வண்டியை வெளியிட்டது. அப்பெயரிலுள்ள ஜி, எஸ் என்னும் இரு எழுத்துகள் கரடுமுரடான நிலம், சாலை என்ற இரண்டு ஜெர்மன் சொற்களைக் குறிப்பன. அதன் வழி வந்த வண்டிகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிக்கொண்டே போய் 1,200 சி.சி.யையும் தாண்டின. அத்தகைய வண்டி மலைப்பாதையில் சாய்ந்து விழுந்தால் தனி ஒருவர் அதைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாடு. நடுத்தர அளவில் ஒரு வண்டிக்கு இடம் காலியாக இருந்தது.

திருவொற்றியூரில் ஒரு நீண்ட பயிற்சி

இனி நம் ஊருக்கு வருவோம். ராயல் என்ஃபீல்டு பிறந்த ஊர் இங்கிலாந்தின் ரெட்டிட்ச். அங்கே 1901இல் அதன் முதல் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. 1948இல், பின்சக்கரத்தைக் கீல்போல் அசையும் கரத்தில் தாங்கும் புதிய ‘புல்லட்’ வண்டிகள், இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் பங்கேற்றுத் தங்கப் பதக்கம் பெற்றன. மேடு பள்ளங்களில் வண்டியின் உறுதியைச் சோதிக்கும் போட்டி அது.

1950களின் முற்பகுதியில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக 350 சி.சி. புல்லட் வண்டிகள் 800 வேண்டுமெனக் கேட்டது. அதைத் தொடர்ந்து 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’ உருவாகி, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கினார்கள். பின் பாகங்களைச் செய்யும் கருவிகளும் வந்தன. 1960களின் முற்பகுதிக்குள் ஏறத்தாழ எல்லாப் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன.

இதற்கிடையே தாய் நிறுவனம் நலிந்தது. ரெட்டிட்ச் ஆலை 1967இல் மூடப்பட்டது. சில ஆண்டுகளில் அந்நிறுவனமே மறைந்தது. ஆனால் திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து பிறந்தது. 1977இல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது.

இது பெருமைப்பட வேண்டிய செய்திதான். எனினும் இயற்பியல் மாணவர் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். அந்த எஞ்சினின் உருளை விட்டம் 70 மி.மீ.; உந்துதண்டின் வீச்சு 90 மி.மீ. இந்த அளவுகள் ஏன்? சட்டத்தின் குழாய்கள் ஏன் அந்தக் கோணத்தில் சேர்கின்றன? இவற்றுக்கான காரணங்கள் ரெட்டிட்ச்சில் இருந்தவர்களின் மனத்தில் இருந்தன. நமக்கு வந்தவை வரைபடங்களும் அச்சுகளும் மட்டுமே. அரை நூற்றாண்டுக் காலம் நாம் அந்த வண்டியை மிகத் திறமையாகச் செய்தோம். ‘எப்படி’ என்பதைக் கரைத்துக் குடித்தோம். ‘ஏன்’ என்பதைக் கேட்கும் வாய்ப்பு அரிதாகவே அமைந்தது.

அந்நிலை மாறக் காரணம் நெருக்கடி. ஐஷர் நிறுவனம் 1990களில் என்ஃபீல்டைத் தன் வசப்படுத்தியது. 2000ஆம் ஆண்டில் விற்பனை மிகவும் சுருங்கி, இத்தொழிலையே கைவிடலாமா என்ற பேச்சு எழுந்தபோது, 26 வயதான சித்தார்த்த லால் பொறுப்பேற்றார். ஆஸ்திரிய நாட்டு ஏ.வி.எல். நிறுவனத்தின் துணையுடன் எரிபொருளைக் குறைவாகக் கலந்து எரிக்கும் எஞ்சின் வந்தது. 2008இல் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் ஒரே கூட்டில் அடக்கிய புதிய அமைப்பு வந்தது. 2013இல் ஒரகடத்தில் இரண்டாவது ஆலை இயங்கத் தொடங்கியது. பழைய மரத்தில் புதிய ஒட்டுகள் வைத்ததுபோல் இவை அமைந்தன. மரமே புதிதாக வேண்டுமென்றால் விதையிலிருந்து தொடங்க வேண்டும்.

வெற்றுத்தாளில் வரைந்த எஞ்சின்

அப்படித் தொடங்கியதே ஹிமாலயன். 2016 பிப்ரவரியில் அது மக்கள் பார்வைக்கு வந்தது. மார்ச்சில் விற்பனை தொடங்கியது. எஞ்சின் முற்றிலும் புதிது. உருளை விட்டம் 78 மி.மீ.; வீச்சு 86 மி.மீ. கொள்ளளவை நீங்களே கணக்கிடலாம். ஆரம் 3.9 செ.மீ.; அதன் வர்க்கத்தைப் பையால் பெருக்கி, 8.6 செ.மீ. வீச்சால் பெருக்கினால் ஏறத்தாழ 411 கன செ.மீ. கிடைக்கும். வண்டியின் ‘411’ என்ற எண் இதுவே.

வீச்சு விட்டத்தைவிட நீளமாக இருப்பதைக் கவனியுங்கள். இதை ‘நெடுவீச்சு’ எஞ்சின் என்பர். உந்துதண்டு ஒரு சுற்றில் இருமுறை வீச்சு தூரம் ஓடுகிறது. நிமிடத்திற்கு 6,500 சுற்றுகள் என்றால், அதன் சராசரி வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 18.6 மீட்டர். இவ்வேகம் கூடக்கூடத் தேய்மானமும் உலோகத்தின் மீதான இழுவிசையும் ஏறும். எனவே நெடுவீச்சு எஞ்சின் மிக விரைந்து சுழல முடியாது. அதன் உச்சத் திறன் 24.5 குதிரைத்திறன் மட்டுமே. 411 சி.சி.க்கு இது குறைவுதான். பலர் இதைக் குறையாகவே கூறினர்.

ஆனால் முறுக்குவிசையைப் பாருங்கள். உச்ச அளவான 32 நியூட்டன் மீட்டர், நிமிடத்திற்கு 4,000 முதல் 4,500 சுற்றுகளுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. திறன் என்பது முறுக்குவிசையையும் கோண வேகத்தையும் பெருக்கி வருவது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். உச்சத் திறன் கிடைக்கும் 6,500 சுற்றில் கணக்கிட்டால் முறுக்குவிசை 27க்குக் குறைந்திருப்பது தெரியும். அதாவது வடிவமைத்தவர்கள் வேகத்தை விட்டுக்கொடுத்து, மெதுவான ஏற்றத்தில் கிடைக்கும் வலுவைத் தேர்ந்தெடுத்தார்கள். கல் நிறைந்த ஏற்றத்தில் நடை வேகத்தில் போகும் வண்டி, கியரை மாற்ற நேரமின்றித் திணறக் கூடாது என்பது அவர்கள் எண்ணம்.

இன்னொரு செய்தி அதிர்வு. ஒற்றை உருளை எஞ்சினில் உந்துதண்டு மேலும் கீழும் பாயும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி வண்டி முழுதும் எதிர்த்து உதறும். பழைய புல்லட்டை ஓட்டியவர்களின் உள்ளங்கைக்கு இது நன்கு தெரியும். புதிய எஞ்சினில், எடை பொருத்திய ஒரு தண்டு அதே வேகத்தில் எதிர்த்திசையில் சுழன்று, இந்த உதறலின் பெரும்பகுதியை ஈடுசெய்கிறது. அதிர்வு குறைவது சுகத்துக்காக மட்டுமன்று. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும்போது திருகுகள் தளர்வதும், இரும்புச் சட்டம் களைத்து விரிசல் விடுவதும் அதிர்வால்தான்.

சக்கரமும் சுருள்வில்லும்

முன்சக்கரம் 21 அங்குலம். பின்சக்கரம் 17 அங்குலம். ஏன் இந்த வேறுபாடு?

வழியில் 10 செ.மீ. உயரமுள்ள கல் கிடப்பதாகக் கொள்வோம். 21 அங்குல வளையத்தில் டயரையும் சேர்த்தால் சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 35 செ.மீ. சாதாரணச் சாலை வண்டியின் 17 அங்குலச் சக்கரத்துக்கு 29 செ.மீ. அளவில் இருக்கும். கல்லின் விளிம்பை அச்சாகக் கொண்டு சக்கரத்தை உருட்டி ஏற்றத் தேவையான கிடைவிசையை, திருப்புத்திறன் விதியைக் கொண்டு கணக்கிடுங்கள். பெரிய சக்கரத்துக்கு அது ஏழில் ஒரு பங்கு குறைவாக இருக்கும். பெரிய மாட்டுவண்டிச் சக்கரம் பள்ளத்தில் விழாமல் தாண்டுவதும் இதே விதியால்தான். தடையை முதலில் சந்திப்பது முன்சக்கரம்; ஆகவே அது பெரிது. பின்சக்கரத்தையும் அப்படியே ஆக்கினால் இருக்கை உயர்ந்துவிடும், எடையும் கூடும். அதனால் அது சிறிது.

அடுத்தது தாங்கும் வில். முன்சக்கரம் 200 மி.மீ. வரையிலும் பின்சக்கரம் 180 மி.மீ. வரையிலும் மேலெழுந்து தாழ இடம் உண்டு. இந்த நீளம் எதற்கு? வண்டி 30 செ.மீ. உயரத்திலிருந்து விழுவதாக வைத்துக்கொள்வோம். வில் 10 செ.மீ. அமுங்கி நிறுத்தினால், சராசரி விசை எடையைப் போல் 4 மடங்கு. 20 செ.மீ. அமுங்கினால் 2½ மடங்கு மட்டுமே. ஆற்றல் மாறா விதியைக் கொண்டு இதை இரண்டே வரியில் நிறுவலாம். பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுக்கிறோம் அல்லவா? அதே தத்துவம். பின்புறம் இரு பக்கமும் இருந்த வழக்கமான வில்களுக்குப் பதில், நடுவே ஒற்றை வில்லை நெம்புகோல்களுடன் இணைத்தார்கள். ராயல் என்ஃபீல்டு வண்டியில் இத்தகைய அமைப்பு வந்தது அதுவே முதல் முறை.

வில்லின் வீச்சு கூடினால் வண்டி உயர வேண்டும் அல்லவா? தரைக்கும் எஞ்சின் அடிக்கும் இடைவெளி 220 மி.மீ. ஆயினும் இருக்கையின் உயரத்தை 800 மி.மீ.க்குள் அடக்கினார்கள். சராசரி உயரமுள்ள இந்தியர், கல்லில் தடுமாறும்போது இரு கால்களையும் ஊன்ற முடியும். வெளிநாட்டுப் பெரிய வண்டிகளில் இந்த வசதி குறைவு. சோறு தின்பவன் பசியைச் சமைப்பவன் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இவை எல்லாம் திருவொற்றியூரிலோ ஒரகடத்திலோ மட்டும் சிந்திக்கப்பட்டன என்று சொன்னால் அது உண்மையாகாது. எஞ்சினைத் தொட்டில்போல் ஏந்தும் சட்டத்தை உருவாக்கியது, 1972 முதல் இங்கிலாந்தில் இயங்கிவரும் ஹாரிஸ் பெர்ஃபாமன்ஸ் என்னும் சிறு நிறுவனம். பந்தய வண்டிச் சட்டங்களுக்குப் பெயர்பெற்ற அதை ஐஷர் 2015இல் விலைக்கு வாங்கியது. 2017இல் இங்கிலாந்தின் புரூண்டிங்தார்ப்பில் ஆய்வு மையமும் திறக்கப்பட்டது. சென்னையிலும் அங்கேயுமாக இருந்து பொறியாளர்கள் சேர்ந்து பணிபுரிகின்றனர். ஒரு காலத்தில் வரைபடத்தை வாங்கினோம். இப்போது வரைபவர்களையே பக்கத்தில் அமர்த்திக்கொண்டு ‘ஏன்’ என்று கேட்கும் நிலைக்கு வந்தோம். இவ்வேறுபாடு சிறிதன்று.

ஓசூரில் இன்னொரு பாதை

ஏறத்தாழ அதே காலத்தில் நம் மாநிலத்தின் மறுகோடியிலும் ஓர் இருவழி வண்டி உருவாயிற்று. பி.எம்.டபிள்யூ. நிறுவனமும் டி.வி.எஸ். நிறுவனமும் 2013இல் கூட்டுச் சேர்ந்தன. அதன் விளைவாக ‘ஜி 310 ஜி.எஸ்.’ ஓசூரில் தயாராகி உலகெங்கும் சென்றது. இந்தியாவில் 2018இல் விற்பனைக்கு வந்தது.

இரண்டு எஞ்சின்களையும் ஒப்பிட்டால் நல்ல பாடம் கிடைக்கும். ஓசூர் எஞ்சினின் விட்டம் 80 மி.மீ.; வீச்சு 62.1 மி.மீ. மட்டுமே. கொள்ளளவு 313 சி.சி.; திறனோ 34 குதிரைத்திறன்! சிறிய எஞ்சின் எப்படி அதிகத் திறன் தருகிறது? அது நிமிடத்திற்கு 9,500 சுற்றுகள் சுழல்கிறது. குறுகிய வீச்சாதலால் அவ்வளவு சுழன்றும் உந்துதண்டின் சராசரி வேகம் வினாடிக்கு 19.7 மீட்டர்தான், ஹிமாலயனுடையதிலிருந்து அதிக வேறுபாடில்லை. உலோகத்தின் எல்லை இருவருக்கும் ஒன்றே. அந்த எல்லைக்குள் ஒருவர் சுழற்சியைத் தேர்ந்தார். மற்றவர் வீச்சைத் தேர்ந்தார். ஆனால் ஓசூர் எஞ்சினின் உச்ச முறுக்குவிசையான 28 நியூட்டன் மீட்டர் 7,500 சுற்றில்தான் கிடைத்தது. நெடுஞ்சாலையில் அது முந்தும். கல் ஏற்றத்தில் நெடுவீச்சு எஞ்சின் நிதானமாக ஏறும். இதில் யார் கெட்டிக்காரர் என்று கேட்பது பொருளற்றது. எந்தத் தரையை மனத்தில் வைத்து வரைந்தார்கள் என்பதே கேள்வி.

மலை வைத்த தேர்வு

இமயத்தின் பெயரை வைத்துக்கொண்டால் இமயத்தில் ஏற வேண்டாமா? லடாக்கில் சாலைகள் 5,000 மீட்டருக்கு மேலே செல்கின்றன. உம்லிங் லா கணவாய் ஏறத்தாழ 5,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ பாதி. தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனுக்கு அங்கே இரண்டு மூச்சு இழுக்க வேண்டும். எஞ்சினும் மூச்சு விடுவதுதான். அதன் திறனும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும்.

2016இல் வந்த வண்டியில் கார்புரேட்டர் இருந்தது. காற்றின் அடர்த்தி குறையும்போது கார்புரேட்டர் அதே விகிதத்தில் பெட்ரோலைக் குறைக்காது. உள்ளே இழுக்கும் காற்றின் நிறை அடர்த்திக்கு நேர்விகிதம். உறிஞ்சப்படும் பெட்ரோலோ அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். எனவே அடர்த்தி பாதியானால் கலவையில் பெட்ரோலின் பங்கு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடிவிடும் என்பது எளிய கணக்கு. எஞ்சின் புகைந்து திணறும். 2017இல் பாரத் ஸ்டேஜ் 4 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும், உணர்கருவிகள் காற்றை அளந்து அதற்கேற்பப் பெட்ரோலைத் தெளிக்கும் முறை இதில் பொருத்தப்பட்டது. நகரத்துக் காற்றுக்காக இயற்றிய விதி, மலை ஏற்றத்துக்கும் உதவியது.

2021 டிசம்பரில் இரண்டு ஹிமாலயன் வண்டிகள் தென்துருவத்தையே அடைந்தன. சந்தோஷ் விஜயகுமார், டீன் காக்ஸன் ஆகிய இருவர் அவற்றை ஓட்டிச் சென்றனர். அதற்காகச் செய்த மாற்றங்கள் எளியவை. எஞ்சின் பக்கத்துப் பல்சக்கரத்தில் 15 பற்களுக்குப் பதில் 13 பற்கள் வைத்தார்கள். இதனால் பின்சக்கரத்துக்கு முறுக்குவிசை 15 விழுக்காடு கூடும். வேகம் அதற்கேற்பக் குறையும். ஆணி பதித்த டயர்களில் காற்றை மிகக் குறைத்தார்கள். டயர் தட்டையாகிப் பரப்பு கூடினால் அழுத்தம் குறைந்து, பனியில் புதையாமல் மிதக்கும். தேரி மணலில் சிக்கிய சைக்கிளுக்கும் இந்த வைத்தியம் ஓரளவு பலிக்கும்!

உப்பு சொன்ன பாடம்

இதுவரை படித்துவிட்டு எல்லாம் சீராக நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். முதல் ஆண்டில் வாங்கியவர்கள் பல குறைகளைச் சொன்னார்கள். 2016ஆம் ஆண்டிலேயே நிறுவனம் எஞ்சினின் சில பாகங்களை மாற்றித் தர நேர்ந்தது. அரை நூற்றாண்டு ஓடிப் பழகிய புல்லட்டின் குறைகள் மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம். புதிய எஞ்சினின் குறைகளோ அதைச் செய்தவர்களுக்கே புதியவை. தானே வரைந்தவருக்குப் பழியைப் போட ரெட்டிட்ச் இல்லை.

மற்றொரு குறை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. குளிர் நாடுகளில் சாலையில் உறையும் பனியை உருக்க உப்பைத் தூவுவார்கள். உப்பு கலந்தால் நீரின் உறைநிலை சுழிக்குக் கீழே இறங்கும் என்று படித்திருக்கிறீர்கள். அந்த உப்பு நீர் தெறித்து, பிரேக்கின் பிடிப்புப் பகுதி அரிக்கப்பட்டு, அசைய வேண்டிய பாகம் இறுகிப்போகும் ஆபத்து தெரியவந்தது. 2020இல் பிரிட்டன், ஐரோப்பா, தென்கொரியா ஆகிய இடங்களிலும், 2022இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 4,900 வண்டிகளுக்கும் திரும்ப அழைப்பு விடுத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

இமயத்தின் குளிரையும் கல்லையும் எண்ணி வரைந்த வண்டியை உப்பு மடக்கியது! தூத்துக்குடி உப்பளத்துக்கு நாள்தோறும் சைக்கிளில் சென்று வரும் தொழிலாளியைக் கேட்டிருந்தால், உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று அவர் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். அறிவு எங்கும் சிதறிக் கிடக்கிறது. வரைபவரின் மேசைக்கு அது வந்து சேர வழி வேண்டும்.

தேர்வை மாற்றும் துணிவு

2023 நவம்பரில் அடுத்த ஹிமாலயன் வந்தது, 411 விலகியது. புதிய எஞ்சினின் விட்டம் 84 மி.மீ.; வீச்சு 81.5 மி.மீ. அதாவது நெடுவீச்சு போயிற்று! கொள்ளளவு 452 சி.சி. காற்றும் எண்ணெயும் குளிர்வித்த இடத்தில் நீர் குளிர்விக்கிறது. வால்வுகள் இரண்டுக்குப் பதில் நான்கு. நிமிடத்திற்கு 8,000 சுற்றில் ஏறத்தாழ 40 குதிரைத்திறன். முறுக்குவிசையும் 40 நியூட்டன் மீட்டராக உயர்ந்தது. ஆனால் அதன் உச்சம் 5,500 சுற்றுக்கு ஏறிவிட்டது. எடை, தொடக்கத்தில் சொல்லப்பட்ட 182 கிலோவிலிருந்து 196 கிலோ ஆயிற்று.

அப்படியானால் முதல் தேர்வு தவறா? இல்லை. மலையில் திறன் பாதியாகும் என்று கண்டோம். 24 பாதியானால் 12. 40 பாதியானால் 20. மலைக்குப் போய்ச் சேரும் நெடுஞ்சாலையோ ஆண்டுக்கு ஆண்டு அகன்று விரைவாகிவிட்டது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் கடுமையாயின. வெப்பநிலையை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும் நீர்க்குளிர்விப்பு அதற்கு ஏற்றது. சூழ்நிலை மாறியதால் விடையும் மாறியது. எளிமை போயிற்றே, வழியோர மெக்கானிக் கைவைக்க முடியாதே என்று வருந்துபவர்களும் உண்டு. அந்த வருத்தத்திலும் நியாயம் உண்டு. நெடுவீச்சு எஞ்சினும் முற்றிலும் மறையவில்லை. அதன் விட்டத்தை 3 மி.மீ. பெரிதாக்கி, 443 சி.சி. அளவில் ‘ஸ்கிராம் 440’ என்ற வண்டியில் 2025இல் மீண்டும் தந்தார்கள்.

ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். புல்லட்டின் 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் திருவொற்றியூரில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் மாறாமல் இருந்தன. ஹிமாலயனின் அளவுகள் ஏழே ஆண்டுகளில் மாறின. பிறர் வரைந்ததை மாற்ற அஞ்சுகிறோம். காரணம் தெரியாமல் கைவைத்தால் எது உடையுமோ என்ற அச்சம். தானே காரணம் அறிந்து வரைந்தவர், அந்தக் காரணம் காலாவதியானதும் தயங்காமல் மாற்றுவார். சொந்த வடிவமைப்பின் பயன் இதுதான்.

மாணவ நண்பர்களே, இனி எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும், அது எங்கே செய்யப்பட்டது என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். இந்த அளவு ஏன், இந்த வளைவு ஏன், இதற்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள். வீட்டிலிருக்கும் சைக்கிளிலேயே தொடங்கலாம். பெடல் பக்கத்துப் பல்சக்கரத்திலும் பின்சக்கரத்திலும் எத்தனை பற்கள் உள்ளன என்று எண்ணி, ஒரு மிதிக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து பாருங்கள். மணலுக்கு அந்த விகிதம் போதுமா, எவ்வளவு மாற்றலாம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளுக்குப் பெயர்தான் வரைபடம்.